மேட்டு வரிசையில் ஒரு குழி

செங்கல்பட்டில் டயாலிசிஸ் டெக்னீஷியனாக நான் வேலைக்குச் சேர்ந்தபோது, காலை ஷிஃப்டில் நான்கு கட்டில்கள் என் பொறுப்பு. முதலாவதில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். இரண்டாவதில் மளிகைக்கடைக்காரர். மூன்றாவதில் என்னைவிட ஒரு வயது இளைய பெண். நான்காவதில், ஜன்னலை ஒட்டி, வெள்ளைக்கார அம்மா ஒருவர்.

படிப்பை முடித்துப் பொத்தேரி விடுதியை அப்போதுதான் காலி செய்திருந்தேன். அந்த அம்மாவிடம் சொல்வதற்காக ஆங்கிலத்தில் சில வாக்கியங்களை மனதுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். கையை நேராக வையுங்கள், கொஞ்சம் வலிக்கும், தலை சுற்றினால் உடனே சொல்லுங்கள். முதல் வாக்கியத்தை நான் முடிப்பதற்குள் அவர் என் கையைப் பார்த்துவிட்டார்.

"புதுசா? கை ஆடுது பாரு. பரவால்ல, குத்து. போன வாரம் ஒர்த்தன் குத்துனான், தேங்கா உரிக்கறாப்ல இருந்துச்சு."

பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வயதான பெண்மணி அவரை அதட்டினார். "தே அண்ணி, பயங்காட்டாத. பொண்ணு ஓடிப்பூடப் போவுது. அப்பறம் அந்தத் தேங்கா உரிக்கறவன்தான் வருவான்."

ஸ்டூலில் இருந்தவர் வெள்ளைக்கார அம்மாவின் நாத்தனார், கணவரின் தங்கை. எழுபதை நெருங்கிய அவரை இந்த அம்மா "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார். இருவரும் வாரத்துக்கு மூன்று நாள் கடப்பாக்கத்திலிருந்து ஒன்றாக வருவார்கள். நாத்தனாரின் மகன் வேன் ஓட்டுகிறவர். கடற்கரை ஊர்களிலிருந்து ஃபேக்டரிக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் வழியில் இவர்களை எங்கள் சென்டரில் இறக்கிவிட்டு, திரும்பும்போது ஏற்றிக்கொள்வார்.

ஒரு தடவை மெஷினில் போட்டால் நான்கு மணி நேரம். அவ்வளவு நேரம் நோயாளிகள் தூங்குவார்கள், ஃபோன் பார்ப்பார்கள், அல்லது பேசுவார்கள். அந்த இருவரும் பேசினார்கள். அந்த அம்மாவின் வாழ்க்கை எனக்குத் துண்டு துண்டாக அப்படித்தான் தெரிய வந்தது.

இங்கிலாந்தா என்று ஒருநாள் கேட்டேன்.

"அது பக்கத்து ஊரு. நாங்க வேல்ஸு. வூட்ல இங்கிலீஷு பேசுனா எங்கம்மாவுக்கு ஆவாது. எங்களுக்குன்னு வேற பாஷ கீது."

அவருடைய அப்பா சிலேட்டுக் கல் வெட்டும் குவாரியில் வேலை செய்தவர். தூசி நுரையீரலில் இறங்கி, இருமி இருமி இறந்தவர். இந்த அம்மா அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதே ஆஸ்பத்திரிக்குக் கடப்பாக்கத்திலிருந்து நர்ஸாகப் போய்ச் சேர்ந்தவரைக் கல்யாணம் செய்துகொண்டார். மாமியாருக்கு உடம்பு முடியவில்லை என்று மூன்று மாத லீவில் இருவரும் வந்தார்கள். மாமியார் இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தார். "அதுக்கப்பறம் கெளம்பறதுக்கு ஒரு காரணமும் வர்ல" என்றார்.

எங்கள் மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது கடப்பாக்கம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழிவெளி உவர்நீர்ப் பரப்பு, கொஞ்ச தூரத்தில் அடுத்த மாவட்டம். அவர் வந்த காலத்தில் தெருவில் பாதி வீடுகளுக்குக் கரண்ட் கிடையாது. கணவரின் குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம். அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நடவு நட்ட தலைமுறையில் முதலில் படித்து வெளியே போனவர் கணவர்தான். அவர் கூட்டிவந்த வெள்ளைக்காரியைப் பார்க்க ஆறு மாதம் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்களாம். இந்த அம்மா தமிழ் கற்றது தெருக்குழாய்ச் சண்டையில். சம்பளத்துக்கு நர்ஸ் வேலை பார்க்க இங்கே அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஆனால் திருக்கை மீனின் முள் குத்திய காலோடு மீனவர்கள் வாசலில் வந்து உட்கார்ந்தால், சூடான தண்ணீரில் காலை முக்கவைத்து, முள்ளை எடுத்துக் கட்டுப் போட்டு அனுப்புவார். பிள்ளை இல்லை. புருஷன் விட்டுப் போனதால் கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்கே திரும்பிவிட்ட நாத்தனாரும் அவரும் சேர்ந்து அந்தக் குழந்தையை வளர்த்தார்கள். அந்தக் குழந்தைதான் இந்த வேன் டிரைவர்.

சுனாமிக்குப் பிறகு நிவாரணம் கொடுக்க வந்தவர்கள், இந்த அம்மாவை வெளிநாட்டிலிருந்து உதவிக்கு வந்தவர் என்று நினைத்து, பாத்திரங்களை எடுத்துத் தரும் மேஜைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டார்களாம்.

"நான் போயி கையப் புடிச்சு இஸ்துகினு வந்தேன்" என்றார் நாத்தனார். "அண்ணி, நீ குடுக்கற ஆளு இல்ல, வாங்கற ஆளு, வந்து லைன்ல நில்லுன்னேன்."

"ஒரு அண்டா குடுத்தாங்க" என்றார் இந்த அம்மா. "ஓட்ட அண்டா."

இப்படிச் சிரிக்கவைக்கிற கதைகள் குறைவுதான். வேல்ஸில் இந்த அம்மாவின் அண்ணன் இறந்த செய்தி அவருக்கு அடக்கமெல்லாம் முடிந்து பல வாரம் கழித்துத்தான் வந்தது. அண்ணன் போனபிறகு அவருடைய பாஷையில் பேச உலகத்தில் யாரும் மிச்சமில்லை. "தானா பேசிக்கும்" என்று நாத்தனார் என்னிடம் தனியாகச் சொன்னார். "துணி தொவைக்கறப்ப. நான் ஆமா அண்ணி, ஆமா அண்ணின்னுவேன். இன்னா எழவு சொல்லுதோ."

டயாலிசிஸில் இருக்கிறவர்களுக்குக் கட்டுப்பாடுகள் அதிகம். தண்ணீர் அளவாக, உப்பு குறைவாக, கீரை கூடாது, வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடவே கூடாது. பலர் இதில் ஏதாவது ஒன்றில் ஏமாற்றுவார்கள், எடை காட்டிக்கொடுத்துவிடும். இந்த அம்மா ஏமாற்றியதே இல்லை. காலையில் அரை லிட்டர் பாட்டில் ஒன்றை நிரப்பி வைத்தால் அன்றைக்கு அவ்வளவுதான். நாத்தனார் அவர் கண்ணில் படாமல் வீட்டுக்குப் பின்னால் போய்த்தான் சொம்பைத் தூக்கித் தண்ணீர் குடிப்பாராம். இந்த வயதில் இவ்வளவு பிடிவாதமாக உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பவரை நான் பார்த்ததில்லை. அவருக்கு வாழ்வதில் அப்படி ஆசை இருந்ததாகவும் தெரியவில்லை.

மூன்றாம் கட்டில் பெண் ஒருநாள், இனிமேல் வரமாட்டேன், எதற்காக வரவேண்டும் என்று அழுதாள். வெள்ளைக்கார அம்மா அந்தப் பக்கம் தலையைத் திருப்பிச் சொன்னார்: "எனக்கு ஒரு வேல பாக்கி கீது. அது முடியற வரிக்கும் வருவேன். உனக்கும் எதுனா ஒண்ணு இருக்கும், யோசி."

என்ன வேலை என்று நான் கேட்டதற்கு நாத்தனார்தான் பதில் சொன்னார். "சாவறதுக்குத்தான் காத்துகினு கீது எங்க அண்ணி. ஆனா கணக்குப் போட்டு சாவணும்."

நான் மதுராந்தகம் பக்கத்து உள்கிராமம். எங்கள் வீட்டில் எரிப்பார்கள். சாம்பலைக் கரைத்துவிட்டால் போனவருக்கென்று ஓர் இடம் மிஞ்சாது. அதனால் அவர்கள் வழக்கத்தை நிதானமாகக் கேட்டுத்தான் புரிந்துகொண்டேன்.

அவர்கள் சபைக்கு இருக்கும் கல்லறைத் தோட்டம் சின்னது. கழிவெளிப் பக்கம் சரியும் மணல் நிலம். மேலே ஒரே ஒரு வரிசை மேடு, மற்றதெல்லாம் பள்ளம். இடம் போதாததால் ஒரு குடும்பத்தின் குழியை அதே குடும்பத்துக்குத் திரும்பத் திறப்பார்கள். ஒருவரை வைத்துப் பத்து வருடம் ஆகியிருக்க வேண்டும். திறந்து, பழைய எலும்புகளை வெள்ளைத் துணியில் கட்டித் தலைமாட்டில் வைத்துவிட்டு, புதியவரைக் கிடத்துவார்கள். பத்து வருடத்துக்குள் இன்னொருவர் போனால் அவருக்குப் பள்ளத்தில்தான் தனிக்குழி.

கணவர் மேட்டு வரிசையில் இருந்தார். ஒன்பது வருடம் முடிந்திருந்தது.

"எங்க ஊர்லயும் இதே மாதிரிதான்" என்றார் இந்த அம்மா. "எங்கம்மா எங்கப்பா மேலதான் கீறாங்க. இவரு இங்க தனியா, நான் பள்ளத்துல தனியான்னா, நான் எதுக்கு அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்தேன்?"

அடுத்த ஐப்பசியில் பத்து நிறைந்தது. கணவரின் நினைவு நாள் முடிந்து வந்த வாரம், நாத்தனார் ஒரு டப்பாவில் கேக் கொண்டுவந்து எல்லா ஸ்டாஃபுக்கும் கொடுத்தார். எதற்கு என்று கண்டக்டர் கேட்டார். "எங்க அண்ணிக்கு ரூட் கிளியர்" என்றார் நாத்தனார். கண்டக்டர் விழித்தார். நான் கேக்கைச் சாப்பிட்டேன். இனி இவர் வருவதை நிறுத்திவிடுவார் என்று மனதுக்குள் அவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தும்விட்டேன்.

அவர் நிறுத்தவில்லை. "கல்லறைத் திருநாள் வரட்டும், பொங்கல் வரட்டும்" என்று இழுத்தார். குழி உறுதியானதும் அவசரம் போய்விட்டது போலிருந்தது. அந்த இரண்டு மூன்று வாரம்தான் அவர் முகத்தில் நான் நிம்மதியைப் பார்த்தது.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஒரு தடவை ரோடு மூழ்கி அவர்களால் வர முடியவில்லை. அடுத்த முறை வேன் வந்தபோது இந்த அம்மாவை மட்டும் கைத்தாங்கலாக அழைத்து வந்தார் டிரைவர். மூச்சு வாங்கியது, கால் வீங்கியிருந்தது, எடை மிக அதிகம். ஸ்டூல் காலியாக இருந்தது. நாத்தனார் எங்கே என்று கேட்டேன்.

"அம்மா காலைல பூட்டாங்க" என்றார் அவர். "டீ போட்டுகினு இருந்தாங்க. அப்டியே ஒக்காந்தாங்க. அவ்ளோதான்."

தன் அம்மாவின் உடலை ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு, அத்தையும் போய்விடக் கூடாதென்று மழையில் அவ்வளவு தூரம் ஓட்டி வந்திருக்கிறார். நான் ஊசி குத்தினேன், மெஷினைத் தொடங்கினேன். ரத்த அழுத்தம் பார்த்தேன், எழுதினேன், திரும்பவும் பார்த்தேன். செய்வதற்கு வேலை இருந்தது நல்லதாகப் போயிற்று. இந்த அம்மா கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

டிரைவர் வெளியே போய் ஃபோன் பேசினார், உள்ளே வந்தார், மறுபடி வெளியே போனார். கடைசியில் கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றார்.

"அத்த."

"சொல்லு."

"பள்ளத்துல முட்டிக்கு மேல தண்ணி நிக்குது. கரையோரமா தோண்டிப் பாத்தாங்களாம், ரெண்டடில ஊறுதாம். எறைக்க எறைக்க வருது."

"ரெண்டு நாள் வெயி. வடியட்டும்."

"அடுத்த மழ வருதுன்றாங்க அத்த. பெட்டில எத்தினி நாளு வெக்கறது? கரண்ட் வேற போயி போயி வருது."

"ஊர்க்காரங்க சுடுகாடு மேட்டுலதான கீது?"

"அங்க நம்மள வுடுவாங்களா?" என்றவர் என்னைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். எங்கள் ஊரிலும் அப்படித்தான். மேடு எங்களுக்கு, பள்ளம் அவர்களுக்கு. நான் மெஷினைப் பார்த்தேன்.

"எரிச்சிடலாமான்னு ஒர்த்தன் கேட்டான்" என்றார் அவர்.

"அவளுக்கு அடுப்புல கை சுட்டாலே தெருவக் கூட்டுவா" என்றார் இந்த அம்மா.

டிரைவர் சிரிக்கப் போய், அழுகையாகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவர் கேட்க வந்தது என்ன என்று மூன்று பேருக்குமே தெரியும். அந்தக் குடும்பத்துக்கு மேட்டு வரிசையில் பத்து வருடம் முடிந்த குழி ஒன்றுதான். அதைத் திறக்க வேண்டுமானால் மனைவி சம்மதிக்க வேண்டும். திறந்து தங்கையை வைத்துவிட்டால் இன்னும் பத்து வருடத்துக்கு அதை யாரும் தொட முடியாது.

"பாஸ்டரு உங்களக் கேட்டுட்டுச் சொல்லச் சொன்னாரு" என்றார். "நீங்க வேணான்னா வேணாம் அத்த. நான் வேற எதுனா பாக்கறேன்."

இந்த அம்மா கையை மடக்கிவிட்டார் போல, மெஷின் கத்தியது. நான் குனிந்து கையை நேராக்கி, குழாயைச் சரிசெய்து, சத்தத்தை நிறுத்தினேன். அந்த நேரத்தில் அவர் என்னிடம்தான் பேசினார், டிரைவரிடம் இல்லை.

"நான் வந்தப்ப அவ அந்த வூட்ல இருந்தா. கொழந்தய இடுப்புல வெச்சிகினு நின்னா. எனக்கு முன்னாடியே இருந்தவ."

நான் குழாயின் பிளாஸ்டரை அழுத்தி ஒட்டினேன்.

"தொறக்கச் சொல்லு" என்றார். பிறகு, "எலும்ப வேற யாரும் எடுக்கக் கூடாது. நான்தான் எடுத்துக் கட்டுவேன். இந்த மிஷின சீக்கிரம் முடி பொண்ணு, போவணும்."

சீக்கிரம் முடிக்க முடியாது என்று சொன்னேன். நான்கு மணி நேரமும் கிடந்தார்.

மறுநாள் அடக்கத்துக்கு நான் போகவில்லை. இந்த அம்மா யாரையும் குடை பிடிக்கவிடாமல் மண்ணில் உட்கார்ந்து, ஒவ்வொரு எலும்பாக மணல் தட்டித் துணியில் வைத்தார் என்றும், அழவில்லை என்றும் டிரைவர் பிறகு சொன்னார்.

அடுத்த தடவை அவர் தனியாக வந்தார். அதற்கடுத்த தடவையும். வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஸ்டூலை நான் அகற்றவில்லை. அவர் அந்தப் பக்கம் பார்க்காமலே படுத்துக்கொள்வார். தண்ணீர் அளவு தவற ஆரம்பித்தது. வீட்டில் கண் மறைவாகப் போய்க் குடிக்க இப்போது ஆளில்லை, சொம்பு எதிரிலேயே இருந்தது.

மார்கழியில் ஒருநாள் கேட்டார். "உண்மையச் சொல்லு. பத்து வருசம் தாங்குவனா?"

"சில பேர் இருக்காங்கம்மா. ஒவ்வொரு உடம்பு ஒவ்வொரு மாதிரி."

"ஊசி நல்லாக் குத்தற. பொய் சொல்ல வர்ல உனக்கு."

"இல்லம்மா" என்றேன். "தாங்காது."

அவர் தலையாட்டினார். சொல்லியிருக்கக் கூடாதோ என்று மூத்த டெக்னீஷியனிடம் கேட்டேன். டாக்டரும் அதையேதான் சொல்லியிருப்பார், ஆனால் சுற்றி வளைத்து, என்றார்.

பொங்கலுக்குப் பிறகு அவர் வரவில்லை. டாக்டர் ஃபோனில் பேசிப் பார்த்தார். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துக் கடப்பாக்கம் போனேன். அவருடைய வீட்டில் முன்னறைக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், படுத்தால் மூச்சு முட்டியது. கால் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. கையில் இளநீர்.

"திட்டாத" என்றார். "அத்தினி வருசம் இத்தக் குடிக்காம இருந்தேன். இப்ப குடிச்சா உப்புக் கரிக்குது."

டிரைவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அத்தை, திரும்ப வாங்க என்று அவர் சொல்வார், நானும் சேர்ந்து சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்துப் போயிருந்தேன். அவர்கள் ஏற்கெனவே வேறொன்றைப் பேசி முடித்திருந்தார்கள்.

"பள்ளத்துல வெக்கறேன்" என்றார் டிரைவர். "அம்மாவுக்குப் பத்து வருசம் ஆனதும் அத்தய எடுத்து, மூணு பேரையும் மேல ஒண்ணா வெக்கறேன். பாஸ்டரு கிட்டயும் கேட்டுட்டேன்."

"அதுக்கு நீ இருக்கணுமே" என்றார் இந்த அம்மா. "உன் சக்கர எவ்ளோன்னு இந்தப் பொண்ணுக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும். காத்திருக்கிற நேரத்தில் நான்தான் அவருக்குச் சர்க்கரை டெஸ்ட் எடுப்பேன். சாப்பிடுவதற்கு முன்பே முந்நூறைத் தாண்டும்.

"அதெல்லாம் இருப்பேன் அத்த."

"இருடா. இல்லன்னா?" அவர் என் பக்கம் திரும்பினார். "நீ சின்னவ. உனக்கு மறக்காது. இவன் இல்லன்னா நீ வந்து சொல்லு, இன்னார எடுத்து இன்னாரோட வெக்கணும்னு. சொல்லுவியா?"

சொல்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது. அவர் இளநீரை என்னிடம் நீட்டினார், மீதியைக் குடிக்கச் சொல்லி.

நான்கு நாட்களில் இறந்துபோனார். இந்த முறை அடக்கத்துக்குப் போனேன். தண்ணீர் வடிந்திருந்தது, ஆனாலும் குழியின் அடியில் ஊறிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் பெயிண்ட் வாளியால் இறைத்து இறைத்துக் கொட்டினார்கள். அவர் உடம்பிலிருந்து நான் எடுத்த தண்ணீரை லிட்டர் கணக்கில் நினைத்துப் பார்க்காமல் இருக்க முயன்றேன். பெட்டியை இறக்கும்போதும் சேற்றின் சத்தம் கேட்டது.

இது நடந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. நான் இப்போது வேறு ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள், வெளியூரில் வாழ்க்கைப்படவும் நேரலாம். போன கல்லறைத் திருநாளுக்குப் போனபோது எனக்கு இடம் தெரியவில்லை. பள்ளத்திலிருந்த குழிமேடுகளை மழை அரித்துச் சமமாக்கியிருந்தது. ஃபோனில் இடத்தைக் குறித்து வைத்திருந்தேன், ஆனால் அது காட்டிய வட்டத்துக்குள் மூன்று குழிகள் அடங்கின. டிரைவர் ஒன்றைக் காட்டினார். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பக்கத்திலிருந்ததைக் காட்டினார். அவருக்குக் கண் மங்க ஆரம்பித்திருக்கிறது. வேனை விற்றுவிட்டார். அன்று குழியில் தண்ணீர் இறைத்த இருவரில் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்து உறுதிசெய்துகொண்டோம்.

அடுத்த வாரம் மாமல்லபுரம் போய், ரோட்டோரக் கல்பட்டறை ஒன்றில் முழ உயரக் கல் ஒன்று கேட்டேன். கல் தச்சர் என்ன சிலை என்றார். சிலை இல்லை, பெயரும் வருடமும் போதும் என்றேன்.

"எங்க நடப் போறீங்க?"

சொன்னேன்.

"கல்லு நிக்கும்மா. மணல் நிக்காதே. ஈர மணல்னா ரெண்டு மழைல சாஞ்சிடும். அடில காங்கிரீட் போட்டாலும் கொஞ்சம் கொஞ்சமா நவுரும். வருஷத்துக்கு ஒரு வாட்டி பாத்து நிமுத்திக்கணும்."

காங்கிரீட் போட்டு நட்டோம். டிரைவர் ஈரச் சிமெண்டைக் கையாலேயே தடவிப் பார்த்தார். யார் வந்து பார்ப்பது என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. எட்டு வருடம் பாக்கி இருக்கிறது.